ஒரு நல்ல கைக்காகப் பத்து ஆண்டு காத்திருந்த ஜேம்ஸ் வாட்



இன்று விழா முடிந்து வீட்டுக்குப் போனதும் ஒரு சின்ன வேலை செய்து பாருங்கள். உங்கள் வீட்டு மின்விளக்கு வந்த பெட்டியை எடுத்துப் படியுங்கள். 9 வாட் என்றோ 18 வாட் என்றோ அதில் அச்சடித்திருக்கும். அந்த 'வாட்' என்பது ஒரு மனிதரின் பெயர். இருநூறு ஆண்டுகளுக்கு முன்பே மறைந்துவிட்ட அவர் பெயரை நாம் தினமும் சொல்லிக்கொண்டிருக்கிறோம். அவர் யார் என்று கேட்டால்தான் பல பேருக்குத் தெரியாது.

தெரிந்தவர்களும் ஒரே ஒரு கதையைத்தான் சொல்வார்கள். சின்னப் பையன் ஜேம்ஸ் வாட் அடுப்பில் கொதிக்கும் கெட்டிலைப் பார்த்தானாம். நீராவி மூடியைத் தூக்கியதாம். உடனே நீராவி இயந்திரம் கண்டுபிடித்தானாம்! கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் வாட் பிறப்பதற்கு முன்பே நீராவி இயந்திரம் இருந்தது. அதைத் திருத்தி, உலகத்துக்கே பயன்படும்படி செய்ததுதான் அவருடைய பெருமை. அந்தத் திருத்தத்துக்கான எண்ணம் அவர் மூளையில் உதித்தது 1765-இல். அதை ஒழுங்காக ஓடவைக்கப் பத்து ஆண்டு ஆயிற்று. ஏன் பத்து ஆண்டு? வேணும் என்கிற ஒரு பொருளை, வேணும் என்கிற மாதிரி செய்து கொடுக்க ஆள் கிடைக்கவில்லை. அவ்வளவுதான் காரணம் என்றால் நம்புவீர்களா? அந்தக் கதையைத்தான் இன்று உங்களுக்குச் சொல்லப் போகிறேன்.

நோஞ்சான் பிள்ளை

ஸ்காட்லாந்து நாட்டில் கிரீனக் என்பது ஒரு துறைமுக ஊர். அங்கே 1736-ஆம் ஆண்டு ஜனவரி 19-ஆம் நாள் ஜேம்ஸ் வாட் பிறந்தார். தகப்பனார் கப்பல் வேலை செய்பவர், வியாபாரமும் உண்டு. பிள்ளையோ நோஞ்சான். அடிக்கடி தலைவலி. ஒழுங்காகப் பள்ளிக்கூடம் போக முடியவில்லை. தாயார்தான் வீட்டில் உட்காரவைத்து எழுத்தும் கணக்கும் சொல்லிக் கொடுத்தார். தகப்பனார் தம் பட்டறையில் மகனுக்கென்று ஒரு சின்ன மேசையும் கருவிகளும் கொடுத்து வைத்தார். மற்றப் பிள்ளைகள் ஓடி விளையாடும்போது இவர் சுத்தியலும் அரமும் வைத்துக்கொண்டு எதையாவது செய்துகொண்டிருப்பார்.

1753-இல் தாயார் காலமானார். தகப்பனாரின் வியாபாரமும் தளர்ந்தது. இனிமேல் சொந்தக் காலில் நிற்க வேணும் என்கிற நிலை. அளவுக் கருவிகள் செய்யும் தொழிலைக் கற்க எண்ணி, 19-ஆம் வயதில் குதிரையேறி லண்டனுக்குப் போனார். அந்தக் காலத்தில் ஒரு தொழிலைக் கற்க ஏழு ஆண்டு ஒரே குருவிடம் இருக்க வேண்டும். அது தொழிற்சங்கத்தின் சட்டம். ஏழு ஆண்டு தங்க வாட்டிடம் பணம் ஏது? அலைந்து திரிந்து, ஜான் மோர்கன் என்ற கருவிக்காரரிடம் 20 கினி கொடுத்து ஒரே ஆண்டு வேலை கற்றுக்கொண்டார். ஏழு ஆண்டுப் பாடத்தை ஒரே ஆண்டில் படிக்க வேண்டுமென்றால் உடம்பு என்ன ஆகும்? நோயோடுதான் 1756-இல் ஊர் திரும்பினார்.

ஏழு ஆண்டு முடிக்காதவருக்குக் கிளாஸ்கோ நகரத்தில் கடை போடுவது எளிதாக இல்லை. அப்போது கிளாஸ்கோ பல்கலைக்கழகம் கைகொடுத்தது. 1757-இல் தன் வளாகத்திலேயே ஓர் அறையைக் கொடுத்து, கருவி செய்யவும் பழுது பார்க்கவும் அவரை வைத்துக்கொண்டது. ஜோசப் பிளாக் போன்ற பெரிய பேராசிரியர்கள் அந்தச் சின்னப் பட்டறைக்கு வந்து உட்கார்ந்து பேசுவார்கள். பட்டம் பெறாத கைத்தொழிலாளி ஒருவர் பேராசிரியர்களுக்கு நண்பரானார். கைவேலை தெரிந்தவன் யாருக்கும் குறைந்தவன் இல்லை என்பதை இங்கேயே குறித்துக்கொள்ளுங்கள்.

பழுதுக்கு வந்த பொம்மை எஞ்சின்

1763-ஆம் ஆண்டு குளிர்காலத்தில் ஒரு வேலை வந்தது. பல்கலைக்கழகத்தில் பாடம் நடத்த ஒரு சின்ன நீராவி எஞ்சின் மாதிரி இருந்தது. நியூகோமன் என்பவர் 1712-இல் அமைத்த எஞ்சினின் சிறிய வடிவம் அது. நாலு தடவை ஏறி இறங்கும், பிறகு நின்றுபோகும். வாட்டிடம் கொடுத்து, சரி பண்ணச் சொன்னார்கள்.

அந்த எஞ்சின் எப்படி வேலை செய்யும் என்று தெரிந்தால்தான் மேலே கதை புரியும். ஒரு பெரிய உருளை. அதைச் சிலிண்டர் என்கிறோம். உள்ளே மேலும் கீழும் போகும் ஒரு தட்டு, அது பிஸ்டன். சிலிண்டருக்குள் நீராவியை விடுவார்கள். பிறகு உள்ளேயே குளிர்ந்த தண்ணீரைப் பீச்சுவார்கள். நீராவி சட்டென்று தண்ணீராகிச் சுருங்கிவிடும். உள்ளே வெற்றிடம் உண்டாகும். வெளியே இருக்கும் காற்று பிஸ்டனைக் கீழே அழுத்தும். அந்த வலிமையால் சுரங்கத் தண்ணீரை மேலே இறைப்பார்கள்.

இதில் என்ன குறை? ஒவ்வொரு தடவையும் சிலிண்டர் குளிர்ந்துவிடுகிறது. அடுத்த தடவை வரும் நீராவியில் பெரும்பகுதி அந்தச் சிலிண்டரை மறுபடியும் சூடாக்கவே செலவாகிறது. ஒரே சட்டியை நிமிடத்துக்கு ஒரு தரம் குளிர்ந்த நீரில் அமுக்கி, திரும்பவும் அடுப்பில் வைத்துச் சமைத்தால் விறகு கட்டுப்படியாகுமா? அதே கதைதான்!

வாட் யோசித்தார், யோசித்தார், மாதக்கணக்கில் யோசித்தார். 1765-ஆம் ஆண்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை, கிளாஸ்கோவின் புல்வெளியில் நடந்துகொண்டிருந்தபோது விடை கிடைத்தது. நீராவியை ஏன் அதே சிலிண்டரில் குளிரவைக்க வேண்டும்? பக்கத்தில் தனியாக ஒரு கலம் வைத்து, நீராவியை அதற்குள் இழுத்துக் குளிரவைத்தால் என்ன? சிலிண்டர் எப்போதும் சூடாகவே இருக்கும். கலம் எப்போதும் குளிர்ந்தே இருக்கும். நீராவி வீணாகாது.

பெரிய பித்தளைப் பீச்சாங்குழல் ஒன்றைச் சிலிண்டராக வைத்து ஒரு மாதிரி செய்து பார்த்தார். வேலை செய்தது! எண்ணம் சரி. இனிமேல் பெரிதாகச் செய்ய வேண்டியதுதான் பாக்கி.

ஆள் எங்கே?

இங்கேதான் சோதனை தொடங்கியது.

பழைய எஞ்சினில் சிலிண்டர் கொஞ்சம் கோணலாக இருந்தாலும் மோசமில்லை. பிஸ்டனுக்கு மேலே கொஞ்சம் தண்ணீர் ஊற்றி வைப்பார்கள். அது சந்துகளை அடைத்துக்கொள்ளும். வாட் அப்படிச் செய்ய முடியுமா? தண்ணீர் ஊற்றினால் சிலிண்டர் குளிர்ந்துவிடும். அவருடைய கண்டுபிடிப்பே வீணாகிவிடும். ஆகவே அவருக்கு வேண்டியது ஒன்றே ஒன்று. உட்புறம் மேலிருந்து கீழ்வரை ஒரே வட்டமாக, ஒரே அகலமாக இருக்கும் ஒரு சிலிண்டர். பிஸ்டன் ஒட்டினாற்போல் போய்வர வேணும். நீராவி ஒழுகவும் கூடாது.

சொல்ல எளிது. செய்வது யார்? அந்தக் காலத்தில் எஞ்சின் செய்தவர்கள் கொல்லர்களும் தகரவேலைக்காரர்களும்தான். சுத்தியலால் தட்டித் தட்டிச் செய்வார்கள். அளவுக் கருவி செய்யும் வாட்டுக்கு ஒரு மயிரிழை கூடப் பெரிய பிழை. அவர்களுக்கோ விரல் நுழையும் சந்து கூடப் பிழையாகத் தெரியாது. அவருக்கு உதவிவந்த வயதான தகரவேலைக்காரர் ஒருவர்தான் ஓரளவு சொன்னபடி செய்து கொடுப்பவர். பாதியிலேயே அவரும் இறந்துபோனார். அந்தச் சாவு வாட்டுக்கு எவ்வளவு பெரிய இழப்பு என்று நினைத்துப் பாருங்கள்.

கேரன் இரும்பாலையைத் தொடங்கியவர்களில் ஒருவரான டாக்டர் ஜான் ரோபக் துணைக்கு வந்தார். வாட்டின் கடன் 1,000 பவுனை ஏற்றுக்கொண்டு, கண்டுபிடிப்பில் மூன்றில் இரண்டு பங்கைப் பெற்றுக்கொண்டார். 1769-ஆம் ஆண்டு ஜனவரி 5-ஆம் நாள் அரசாங்கம் வாட்டுக்குக் காப்புரிமை கொடுத்தது. அதே ஆண்டு கின்னீல் என்ற இடத்தில், ரோபக்கின் வீட்டுக்குப் பின்னால் ஒரு கொட்டகையில், 18 அங்குலச் சிலிண்டர் வைத்த எஞ்சின் எழுந்தது.

எழுந்தது, ஆனால் ஓடவில்லை. சிலிண்டர் உள்ளே கோணல். எல்லாப் பக்கமும் நீராவி சீறிக்கொண்டு ஒழுகியது. வாட் பிஸ்டனைச் சுற்றித் தக்கையை வைத்து அடைத்தார், எண்ணெய்த் துணியைச் சுற்றினார், சணலைத் திணித்தார், காகிதம் வைத்தார், பழைய தொப்பியைக் கூட வெட்டி வைத்துப் பார்த்தார். எதுவும் நிற்கவில்லை. ஓட்டைப் பானையில் எத்தனை நாள் மாவு பூசுவது!

குடும்பம் சாப்பிட வேணுமே? எஞ்சினை மூலையில் வைத்துவிட்டு, கால்வாய் வெட்டுவதற்கு நிலம் அளக்கும் வேலைக்குப் போனார். மழையிலும் குளிரிலும் மலைக்காட்டில் அளந்துகொண்டிருந்தார். 1773-இல் அப்படி ஒரு தூரத்து வேலையில் இருந்தபோது, வீட்டில் மனைவி மார்கரெட் பிரசவத்தில் இறந்துபோனார். இரண்டு சின்னப் பிள்ளைகள் தாயில்லாமல் நின்றன. அதே ஆண்டு ரோபக்கின் தொழிலும் நொடித்துப் போனது. மனைவி இல்லை, முதலாளி இல்லை, எஞ்சின் ஓடவில்லை. வாட்டுக்கு அப்போது 37 வயது. நீங்களும் நானும் அந்த இடத்தில் இருந்திருந்தால் என்ன செய்திருப்போம்?

பீரங்கி கடைந்த கை

பர்மிங்காம் ஊருக்குப் பக்கத்தில் சோஹோ என்ற இடத்தில் மேத்யூ போல்டன் என்பவருக்கு ஒரு பெரிய தொழிற்சாலை இருந்தது. பித்தான், பட்டைக்கொக்கி, வெள்ளிச் சாமான் எல்லாம் அங்கே செய்வார்கள். வேலையில் சுத்தம் பார்ப்பவர் போல்டன். ரோபக்கின் பங்கை அவர் எடுத்துக்கொண்டார். கின்னீல் எஞ்சினைப் பிரித்து மூட்டை கட்டி அங்கே அனுப்பினார்கள். 1774-இல் வாட்டும் பர்மிங்காம் போய்ச் சேர்ந்தார்.

போல்டனிடம் நல்ல ஆட்கள் உண்டு. ஆனால் பெரிய இரும்புச் சிலிண்டர் வார்த்துக் கடையும் வசதி இல்லை. அந்த நேரத்தில்தான் ஜான் வில்கின்சன் கதைக்குள் வருகிறார். வேல்ஸ் நாட்டில் பெர்ஷம் என்ற இடத்தில் இரும்பாலை வைத்திருந்தவர். இரும்பு என்றால் அவருக்கு உயிர். கடைசியில் தம்மை அடக்கம் செய்ய இரும்பிலேயே சவப்பெட்டி செய்து வைத்தவர் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்! பீரங்கிக் குழாயைத் துல்லியமாகக் கடைவதற்கு 1774-இல் அவர் ஒரு புது முறைக்குக் காப்புரிமை பெற்றிருந்தார்.

வாட்டின் சிலிண்டருக்காக அவர் இன்னொரு இயந்திரம் அமைத்தார். இரகசியம் மிகவும் எளியது. பழைய முறையில், நீண்ட கம்பி ஒன்றின் நுனியில் வெட்டும் உளி இருக்கும். கம்பியை ஒரு பக்கம் மட்டும்தான் பிடித்திருப்பார்கள். மறுபக்கம் தன் பாரத்தில் தொங்கும். வார்ப்பில் கோணல் இருந்தால் உளியும் அந்தக் கோணலிலேயே போகும். வில்கின்சன் என்ன செய்தார்? தடித்த இரும்புக் கம்பியைச் சிலிண்டரின் இந்த வாயில் நுழைத்து அந்த வாயில் வெளியே எடுத்து, இரண்டு பக்கமும் உறுதியாகத் தாங்கி நிறுத்தினார். சிலிண்டர் அசையாது. கம்பி சுழலும், உளி அந்தக் கம்பியின் மேல் நேர்கோட்டில் நகர்ந்து போகும். கோணலுக்கு வழியே இல்லை. ஒரு பக்கம் பிடித்ததை இரண்டு பக்கமும் பிடித்தார், அவ்வளவுதான் வித்தியாசம். ஆனால் அதைச் செய்ய அதுவரை யாருக்கும் கை வரவில்லையே!

1775-இல் வில்கின்சனின் சிலிண்டர் சோஹோவுக்கு வந்து சேர்ந்தது. கின்னீலில் ஒழுகிய அதே எஞ்சினில் பொருத்தினார்கள். எஞ்சின் ஓடியது. பத்து ஆண்டுக் கவலை தீர்ந்தது!

அடுத்த ஆண்டு 1776-இல் இரண்டு பெரிய எஞ்சின்கள் வேலைக்கு வந்தன. ஒன்று புளூம்ஃபீல்டு நிலக்கரிச் சுரங்கத்தில், 50 அங்குலச் சிலிண்டர். மற்றது வில்கின்சனின் சொந்த இரும்பு உலைக்குக் காற்று ஊத. நாலு அடிக்கும் மேல் அகலமான சிலிண்டரில், எங்கே அளந்தாலும் பிழை ஒரு பழைய ஷில்லிங் காசின் கனத்தைத் தாண்டவில்லை என்று போல்டன் பெருமைப்பட்டுக்கொண்டார்.

காசின் கனம் என்றதும் பால்மரம் வெட்டியவர்களுக்குப் புரிந்திருக்கும். பட்டையில் கொஞ்சம் ஆழமாகப் போனால் மரத்துக்குக் காயம். மேலாகப் போனால் பால் வராது. இரண்டுக்கும் நடுவே இருப்பது காசின் கனம்தான். அதைக் கண்ணால் அளக்க முடியாது, கைதான் அறியும். வாட் தேடியது அப்படிப்பட்ட ஒரு கையைத்தான்.

திறமை ஒன்று, நாணயம் ஒன்று

பிறகு எஞ்சின்கள் நாடெங்கும் போயின. கார்ன்வால் பகுதியில் செம்பு, ஈயச் சுரங்கங்களில் தண்ணீர் நிறைந்து கிடந்தது. அங்கே நிலக்கரி கிடையாது, தூரத்திலிருந்து விலை கொடுத்து வாங்க வேணும். பழைய எஞ்சினில் பாதிக்கும் குறைவான கரியிலேயே வாட்டின் எஞ்சின் ஓடியது. மிச்சமாகும் கரியின் விலையில் மூன்றில் ஒரு பங்குதான் வாட்டும் போல்டனும் கேட்ட கூலி.

ஆனால் நல்ல கை கிடைத்துவிட்டால் எல்லாக் கவலையும் தீர்ந்துவிடுமா? இல்லை, நண்பர்களே. சக்கரத்தைச் சுழற்றும் எஞ்சின் செய்ய வாட் முயன்றபோது, வளைதண்டு என்ற உறுப்புக்கு 1780-இல் வேறொருவர் காப்புரிமை வாங்கிவிட்டார். தம் ஆலையாள் ஒருவன் மதுக்கடையில் உளறியதால்தான் இப்படி ஆனது என்று வாட் கடைசிவரை நம்பினார். அதைவிடப் பெரிய அடி பின்னால் வந்தது. இருபது ஆண்டு காலம் சிலிண்டர் கடைந்து கொடுத்த அதே வில்கின்சன், வாட்டின் எஞ்சினைப் போலவே சொல்லாமல் கொள்ளாமல் பல எஞ்சின்கள் செய்து விற்றுவந்தது 1795-ஆம் ஆண்டு வாக்கில் வெளிப்பட்டது. உரிமைப் பணமும் கொடுக்கவில்லை. அத்தோடு உறவு முறிந்தது. 1796-இல் போல்டனும் வாட்டும் சொந்தமாகவே வார்ப்பாலை திறந்துவிட்டார்கள்.

ஆகவே கையும் வேணும், மனசும் வேணும். அந்த இரண்டும் சேர்ந்த ஒருவரும் வாட்டுக்குக் கிடைத்தார். அவர் பெயர் வில்லியம் மர்டாக். 1777-இல், 23 வயதில், ஸ்காட்லாந்திலிருந்து வேலை தேடி சோஹோவுக்கு வந்தவர். வந்த அன்று அவர் தலையில் ஒரு மரத்தொப்பி இருந்ததாம். முட்டை வடிவமான அதைத் தாமே கடைசல் இயந்திரம் அமைத்துக் கடைந்தது என்று சொன்னாராம். முட்டை வடிவத்தைக் கடைவது எளிதல்ல என்று தெரிந்த போல்டன் உடனே வேலை கொடுத்தாராம். வழிவழியாகச் சொல்லி வரும் கதை இது. கதை எப்படியோ, ஆள் பொன்னான ஆள். கார்ன்வால் சுரங்கங்களில் எஞ்சின்களை நிறுத்தி, இராத்திரி பகல் பாராமல் பழுது பார்த்தார். வளைதண்டுக்குப் பதிலாக வாட் 1781-இல் காப்புரிமை பெற்ற பற்சக்கர அமைப்பும் மர்டாக்கின் யோசனை என்றே சொல்வார்கள். நிலக்கரி வாயுவில் விளக்கு எரித்துக் காட்டியவரும் அவரே. 1830 வரை அந்தத் தொழிலை விட்டு அவர் போகவில்லை.

வாட் 1800-இல் ஓய்வு பெற்றார். ஓய்வு என்றால் சாய்வு நாற்காலியா? இல்லை. வீட்டு மேல்மாடியில் ஒரு பட்டறை வைத்துக்கொண்டு, சிலைகளைப் படியெடுக்கும் இயந்திரம் செய்துகொண்டிருந்தார். 1819-ஆம் ஆண்டு ஆகஸ்டு 25-ஆம் நாள், 83-ஆம் வயதில் காலமானார். அந்தப் பட்டறை அப்படியே லண்டன் அறிவியல் அருங்காட்சியகத்தில் பாதுகாக்கப்படுகிறது. ஹேண்ட்ஸ்வொர்த் என்ற ஊரின் தேவாலயத்தில் வாட்டும், போல்டனும், மர்டாக்கும் அடங்கியிருக்கிறார்கள். ஒருவர் கண்டுபிடித்தவர், ஒருவர் முதல் போட்டவர், ஒருவர் கூலிக்கு வேலை செய்ய வந்தவர். மூன்று பேருக்கும் ஒரே இடம்.

பரிசு வாங்காத பிள்ளைக்கு

பெற்றோர்களே, இன்றைக்கு மேடையேறிப் பரிசு வாங்கும் பிள்ளைகளை மனமாரப் பாராட்டுகிறேன். ஆனால் என் கண் பின்வரிசைக்கும் போகிறது. என் வகுப்பில் ஒரு பையன் இருந்தான். கட்டுரையில் தடுமாறுவான்; வாய்பாட்டில் தூங்குவான். ஒருநாள் வகுப்பு அலமாரிப் பூட்டு இறுகிக்கொண்டு திறக்கவே இல்லை. பெரியவர்கள் உடைக்கலாம் என்றார்கள். அவன் மெதுவாக வந்து, பூட்டைத் தட்டிக் கேட்டுப் பார்த்து, கொஞ்சம் எண்ணெய் விட்டு, சாவியின் நுனியை அரத்தால் இரண்டு இழுப்பு இழுத்துத் திறந்துவிட்டான். அலமாரியில் நான் வைத்திருந்த காசைப் பார்த்தும் பார்க்காதவன் போல் சாவியை என் கையில் கொடுத்துவிட்டுப் போய் உட்கார்ந்தான். அந்த ஆண்டு அவனுக்கு எந்தப் பரிசும் இல்லை. இதை எழுதும்போதும் எனக்கு அது உறுத்தலாகத்தான் இருக்கிறது.

அப்படிப் பிள்ளை உங்கள் வீட்டிலும் இருக்கலாம். அவனை மண்டு என்று திட்டாதீர்கள். தொழிற்பயிற்சிக்குப் போகிறேன் என்றால், படிப்பு வராதவன் போகிற இடம் அது என்று முகம் சுளிக்காதீர்கள். நல்ல கருவி வாங்கிக் கொடுங்கள். வாட்டின் தகப்பனார் அதைத்தான் செய்தார். அதோடு, அடுத்தவன் பொருளை அடுத்தவன் பொருளாகவே நினைக்கவும் சொல்லிக் கொடுங்கள்.

மாணவச் செல்வங்களே, உங்களில் ஒருவன் வாட் ஆகலாம், மிக்க மகிழ்ச்சி. மற்றவர்கள் மர்டாக் ஆகுங்கள். உலகத்தில் எங்கேயோ ஒருவர், நல்ல எண்ணம் ஒன்றை மனசில் வைத்துக்கொண்டு, அதைச் செய்து கொடுக்க நம்பிக்கையான ஒரு கையைத் தேடிக்கொண்டிருப்பார். அவர் பத்து ஆண்டு காத்திருக்க வேண்டாம். அந்தக் கை உங்கள் கையாக இருக்கட்டும்.

வாழ்க, வளர்க!